அம்மா வந்திருக்கா

மறுநாள் காலையில் தீவுக்கு விமானம். அதற்காக ஐந்து ஊசி போட்டுக்கொண்டு, தோள் வீங்கி உட்கார்ந்திருந்தார்கள் பூங்கோதையும் அவள் புருஷன் ஞானசேகரும். ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த அனுமதி. நோயாளி யாரும் வந்துவிடக் கூடாதென்று தீவுக்காரர்கள் மாட்டிவிட்ட காப்பு பூங்கோதையின் கையில் கிடந்து, வீட்டில் பேசுவதையெல்லாம் கேட்டது. ஞானசேகர் ஒருமுறை தும்மியதற்கே அரை மணி நேரம் விசாரித்தது.

வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்த பூங்கோதை உள்பக்கம் பார்த்துக் கூவினாள்.

"ஏங்க, அம்மா வந்திருக்கா!"

காப்பு சிவந்தது. "எப்போது வந்தாள்?"

"இப்பத்தான். சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கா."

"உடம்பில் எரிச்சல் உண்டா?"

"ரொம்ப" என்று முனகினான் ஞானசேகர்.

ஞானசேகரின் மாமியார் உள்ளே வந்ததும் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

"அம்மை நோய் பதிவானது. பயணம் ரத்து" என்றது காப்பு.

"அட கூறுகெட்டதே! வந்திருக்கது என்னைப் பெத்த அம்மா!"

"தங்கள் பக்தி புரிகிறது. வேப்பிலை வைத்துக்கொள்ளலாம்."

மாமியார் பையைத் தூக்கினாள். "என்னால உங்க பயணம் கெட வேண்டாம் மாப்ளே. நான் இப்பவே கிளம்புதேன்."

ஞானசேகருக்கு முதல்முறையாக மாமியார்மேல் பாசம் பொங்கியது. மனைவியின் கையைப் பிடித்துக் காப்பிடம் கத்தினான்.

"அம்மா கிளம்பிட்டா! கதவைத் திற!"

"மகிழ்ச்சி. அம்மா போன பிறகு கதவு திறக்கும்."

மாமியார் பையைக் கீழே வைத்தாள்.

"கதவு திறந்தாத்தானே மாப்ளே நான் போக முடியும்?"