நெஞ்செரிச்சல்காரர்

நெஞ்சைத் தடவிக்கொண்டே அந்த ஆள் உள்ளே வந்த விதத்திலேயே பேராசிரியைக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நாடகக் குழுவில் சொல்லிவைத்தது வீண்போகவில்லை. மனுஷன் வாசலிலேயே நடிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியை ஒட்டிய பல்கலைக்கழக மருந்தியல் துறை அது. கண்ணாடி அலமாரி, கவுண்ட்டர், 'மருந்தகம்' என்ற பச்சைப் பலகை எல்லாம் அச்சு அசலாக இருக்கும். மாத்திரை மட்டும் வெறும் மாவு. நோயாளியாக நடிப்பவரைக் கேள்வி கேட்டே சிக்கல் எங்கே என்று மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். இன்று பின்வரிசையில் துறைத் தலைவர் வேறு, இரண்டு விருந்தாளிகளோடு.

கவுண்ட்டரில் நின்றவள் 'முணுமுணு'. பேசினால் பக்கத்து பெஞ்சுக்கே கேட்காது என்பதால் வகுப்பு வைத்த பேர். இந்தப் பாடத்தில் அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. கோட்டைவிட்டால் ஒரு வருஷம் போச்சு. போயும் போயும் இன்றைக்கா இவள் முறை வரவேண்டும் என்று பேராசிரியை தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"ஒரே நெஞ்செரிச்சல்மா. கேஸ் மாத்திரை ஏதாவது குடு."

"எப்பயிருந்து அய்யா? வேற எங்கயாவது வலிக்குதா?"

"காலையிலேருந்து. இடது கை கொஞ்சம் குடையுது."

பேராசிரியை கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவரே எழுதிய வசனம்: முட்டி வலி, அதற்குத் தின்ற மாத்திரையால் எரிச்சல். முட்டியைக் கையாக்கிவிட்டாரே, வசனம் மறந்துபோச்சு போல என்று நினைத்துக்கொண்டார்.

"மேடம், இவரை உடனே எமர்ஜென்சிக்கு அனுப்பணும்," என்றாள் முணுமுணு, அன்றைக்கென்று பார்த்துப் பின்வரிசை வரை கேட்கும்படி.

பின்னால் யாரோ சிரித்தார்கள். பேராசிரியைக்கு வெட்கத்தில் காது சுட்டது. வருஷம் பூராவும் தொண்டை கிழியக் கத்தியது இதற்குத்தானா?

"ஏம்மா, வர்றவங்களையெல்லாம் டாக்டர் தலையில கட்டுறதுக்கு நீ எதுக்கு? வாசல்ல ஒரு அம்புக்குறி போட்டா போதாதா? இன்னும் கேளு."

"கேட்டுட்டேன் மேடம். இதுக்கு மேல கேட்டா நேரம்தான் போகும்."

பெரியவர்கள் முன்னால் எதிர்ப்பேச்சு வேறு. பேராசிரியை அவளை ஒதுக்கிவிட்டுத் தானே கவுண்ட்டருக்கு வந்தார். "அய்யா, முட்டி வலிக்கு மாத்திரை எதுவும் போடுறீங்களா?" என்று எடுத்துக்கொடுத்தார்.

"முட்டியும் வலிக்கும்தான். எப்பவாவது போடுவேன்."

"அதான் எரியுது. அதை நிறுத்திட்டு, இதுல ரெண்டைப் போட்டுட்டு வீட்டுல போய்ப் படுங்க." மாவு மாத்திரைகளை உறையில் போட்டு நீட்டினார்.

"ரொம்ப உபகாரம்மா," என்று சொல்லி அவர் மெல்ல நடந்து போனார். விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

மதிப்பெண் தாளில் பேராசிரியை ஒரு பூஜ்யம் போட்டு நிமிர்ந்தபோது, முணுமுணு சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போயிருந்தாள்.

"மன்னிக்கணும் சார். இந்தப் பொண்ணால மானம் கப்பலேறிடுச்சு," என்றார் துறைத் தலைவரிடம். அடுத்த மாணவரைக் கூப்பிடக்கூடப் பேராசிரியைக்கு மனம் வரவில்லை.

கால்மணி நேரம் கழித்து, மூச்சிரைக்க ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"லேட்டுக்கு மன்னிச்சுக்கங்க மேடம். வெளிய ஒருத்தர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாய்ஞ்சுட்டார். இங்க படிக்கிற பொண்ணு ஒண்ணு தனியாத் தாங்கிட்டு நின்னுச்சு. ரெண்டு பேருமா எமர்ஜென்சில கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஹார்ட் அட்டாக்காம். வீட்டுக்குப் போயிருந்தா உசிர் தங்கியிருக்காதுன்னு டாக்டர் சொல்றார்."

பேராசிரியைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பாவம், நடிக்க வந்த இடத்தில் நிஜமாகவே வந்துவிட்டதே என்று பதறினார். "உடனே நாடகக் குழுவுக்குச் சொல்லணுமே. அவர் வீட்டு நம்பர் இருக்கா உங்ககிட்ட?"

வந்தவர் திருதிருவென்று விழித்தார்.

"அவர் யாருன்னே தெரியாது மேடம். நடிக்க வந்தவன் நான்."