டப்பாவில் குறைந்த லட்டு

சங்கமித்ரா விழுந்து விழுந்து படித்தாலும் கல்லூரியில் அவள் காதில் மாட்டிவிட்ட பொத்தான் கருவி மசியாது. ஆய்வுக் கட்டுரைக்கென்று அவள் கற்ற ஆங்கிலச் சொல்லை வீட்டில் இன்னொருவர் தானாக, சரியான இடத்தில் சொன்னால்தான் அது 'டிங்' என்று மதிப்பெண் போடும். மூன்று சொற்கள் பாக்கி. நாளைக்குள் முடிக்காவிட்டால் மறுபடி அதே வகுப்பு. வாரம் முழுக்க அவள் அந்தச் சொற்களை விளக்கியதற்கு அம்மா, "போடி, வேலை கிடக்கு" என்றாள். அப்பா தலையாட்டியதோடு சரி.

மாலையில் லட்டு டப்பாவைத் திறந்த அம்மா கத்தினாள். "சுகர் இருக்கிற மனுஷன் திங்கிற சாமானா இது?"

"நான் தொடவே இல்ல" என்றார் அப்பா.

"மீசையில பூந்தி ஒட்டியிருக்கே, இதைவிட என்ன எவிடன்ஸ் வேணும்?"

டிங்!

சங்கமித்ரா ஒரு விரலை மடக்கினாள்.

அப்பா அவசரமாக மீசையைத் துடைத்தார். "நான் தின்னேங்கிறது வெறும் ஹைப்பாதிசிஸ். இன்னும் நிரூபிக்கலயே! பூந்தி காத்துல பறந்து வந்திருக்கலாம்."

டிங்!

அம்மா டப்பாவை இறுக மூடி அலமாரியில் வைத்தாள். சங்கமித்ரா ஓடிப்போய் அதை எடுத்துவந்து அப்பா முன்னால் திறந்தாள்.

"அம்மா பார்க்க இன்னும் ஒண்ணே ஒண்ணு தின்னுங்கப்பா. 'கன்க்ளூஷன்' பாக்கி இருக்கு."