இரண்டாவது எண்

பூங்கோதையின் கணவர் கதிர்வேலின் கைப்பட்டை இரண்டு எண்களைக் காட்டும். ஒன்று ரத்தச் சர்க்கரை; மற்றது வாழ்க்கை எப்படிப் போகிறது என்பது.

"சர்க்கரை நல்லா இருக்கு, நீங்கதான் நல்லா இல்ல," என்றார் டாக்டர். "இரண்டாவது எண் பாதியா இறங்கிருச்சே. கல்யாணம் காட்சிக்கெல்லாம் போறதில்லையா?"

பூங்கோதைக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பந்தியில் இனிப்புப் பக்கம் கை போய்விடும் என்று பயந்து அவரை எங்கும் அனுப்பாமல் வைத்திருந்தது அவள்தான்.

தன் தம்பி மகள் கல்யாணத்துக்கு அவளே அழைத்துப் போனாள். ஜாங்கிரியைப் பிட்டுப் பாதியை அவர் இலையில் வைத்தாள்.

"போதுமாங்க?"

"தாராளம்."

பந்தி முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அவர் பக்கத்து இலைக்காரரிடம் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பூங்கோதை அவசரப்படுத்தாமல், எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.