ஐம்பதுக்குப் பிறகு ஒரு கோடு

செப்புத் தகட்டில் யார் தலைமேல் கோடு போடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தகட்டில் இருப்பது அவர்கள்தான். ஒரே போர்வைக்குள் ஒண்டிக்கொண்டு, முதுகு காட்டி நிற்கும் இரண்டு பேர். கல்யாணமான புதிதில், ஓவியரான புருஷன் செதுக்கியது. அப்போது அவருக்கும் தோள்வரை முடி. இரண்டு தலைக்கும் நடுவில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னால் ஒன்றுகூடத் தேறாது.

தகட்டில் மை பூசி ஐம்பதே பிரதிகள் அச்சிடுவது என்று சொல்லி, ஐம்பதும் விற்றுப் போயாகிவிட்டது. சேகரிப்பவர்கள், காதலர்கள், ஒரு விவாகரத்து வக்கீல்.

ஐம்பத்தொன்றாவதை யாரும் போட்டுவிடக் கூடாது. ஆகவே தகட்டைக் கீறிக் கெடுத்து, கெட்டதற்கு அத்தாட்சியாக அதிலிருந்து ஒரே ஒரு தாள் எடுத்துக் கொடுக்க வேண்டும். தொழில் வழக்கம். கண்ணால் பார்க்க, படங்களை விற்றுக் கொடுக்கும் காலரிக்காரர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யாராவது ஒருத்தர் மேல போட்டா போதும் சார், தகடு கெட்டுடும்."

சிக்கலே அதுதான். ஓவியர் இதுவரை மூன்று தகடுகளைக் கீறியிருக்கிறார். முதலாவது அவர் வளர்த்த நாய். நாலாம் நாள் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது வீட்டுச் சொந்தக்காரர். ஒரு வாரம் தாங்கினார். மூன்றாவது ஒரு பாலம்.

நாய்க்குப் பதினாலு வயது, வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, பாலம் டெண்டரில் கட்டியது என்று பகலில் காரணம் சொல்லிக்கொள்வார். படுத்த பிறகு ஒரு காரணமும் நிற்காது.

அதனால் தன் மேல்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

போன வாரம் முழுக்க ஐம்பது தாள்களையும் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர். அத்தனையிலும் இடப்பக்கம் நிற்பது அவர். கண்ணை மூடினாலும் அந்த இடது தலை தெரியும். எஃகு ஊசியை எடுத்து அதன் உச்சியில் வைத்தார்.

"ஏங்க, சொன்னாக் கேளுங்க, என் மேலயே—" என்று கையைப் பிடிக்க வந்த மனைவி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

இருபத்தாறு வருஷத்தில் அவள் எந்தச் சண்டையையும் பாதியில் விட்டதில்லை. ஓவியர் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார். உச்சியிலிருந்து முதுகு வரை ஒரே இழுப்பு.

மை பூசித் துடைத்தார். ஈரத்தாளை மேலே போட்டு உருளையைச் சுற்றினார். மூலையைப் பிடித்துத் தாளை மெல்ல உரித்தார்.

இடது தலை சுத்தமாக இருந்தது.

தகட்டில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் விழும். சேர்ந்த அன்றைக்கே மாணவர்களுக்கு அவர் நடத்தும் முதல் பாடம்.

"அருமை சார்!" காலரிக்காரர் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பார்க்க ஜன்னல் பக்கம் போனார்.

எந்தத் தலை யாருடையது என்று அவளுக்குத் தெரியாமலிருக்கலாம். ஒரு நப்பாசை. "என் மேலதான் விழுந்திருக்கு" என்றார் ஓவியர்.

அவள் துணியை எடுத்துத் தகட்டைத் துடைக்கத் தொடங்கினாள்.

"அம்பது தடவை இதைத் துடைச்சவ நான். ஊசியைத் தப்பா வைக்கிறீங்கன்னு சொல்லித் தொலைச்சிடுவேனோன்னு எனக்கே பயமா இருந்துச்சு."