இருபத்து நாலு வார்த்தை

"நீயே எழுதிக் குடுத்துடு அம்மாடி. என் கை நடுங்கும்" என்றார் லெவி நிக்கர்சன்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதைத்தானே அரை மணி நேரமாகப் படித்துப் படித்துச் சொல்கிறேன்?

"யாரும் பார்க்கக் கூடாது லெவி. நான் கூடத்தான். இந்தச் சின்னப் பெட்டி தொலைஞ்சா வேற வாங்கிக்கலாம். ஆனா இதுல வர்ற இருபத்து நாலு வார்த்தை யார் கையில இருக்கோ, பணம் அவங்களுது."

"நீ நல்லவதானே."

"நல்லவளோ கெட்டவளோ, ரூல் ரூல்தான்."

நோவா ஸ்கோஷியா கடலோரத்தில் எங்கள் ஊர் நூலகம். செவ்வாய்தோறும் கம்ப்யூட்டர் சந்தேகம் என்று வருகிறவர்களுக்கு நான்தான் கதி. பிட்காயின் என்கிற கம்ப்யூட்டர் பணத்துக்குச் சாவியான இந்தக் குட்டிப் பெட்டியை மட்டும் இதுவரை நாற்பது பேருக்கு அமைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தர் வார்த்தையைக்கூடப் பார்த்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

லெவிக்கு எழுபத்தொன்று. ஐம்பது வருஷம் லாப்ஸ்டர் என்கிற சிங்கி இறால் பிடித்தவர். படகை விற்று வந்த பணத்தை, ஆல்பர்ட்டாவில் இருக்கும் மகள் பேச்சைக் கேட்டு பிட்காயினில் போட்டிருந்தார். அதை வைத்திருக்கும் கம்பெனி ஆட்டம் கண்டிருப்பதாகப் பேச்சு. மகள் பயந்துபோய், "அப்பா, உடனே உங்க சொந்தப் பெட்டிக்கு மாத்திடுங்க" என்று பெட்டியைத் தபாலில் அனுப்பிவிட்டாள். வேறு சேமிப்பு என்று அவருக்கு எதுவும் இல்லை.

நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

"பெட்டியோட திரையில என்ன போட்டிருக்கு? படிங்க."

அவர் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு மெதுவாக, "கண்ணாடி கொண்டு வரல" என்றார்.

"இவ்வளவு பெரிய காரியத்துக்குக் கண்ணாடி இல்லாமயா கிளம்பி வந்தீங்க?"

அடுத்த மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் கவலைப்படவில்லை. நூலகத்தின் இரவல் கண்ணாடி ஒன்றை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டு, மறுபடி திரும்பிக்கொண்டேன்.

"வலது பட்டனை அழுத்துங்க. ஒண்ணுன்னு நம்பர் போட்டு ஒரு வார்த்தை வரும். இருக்கிறதை அப்படியே எழுதுங்க. முடிஞ்சா மறுபடி அழுத்துங்க, ரெண்டாவது வரும்."

மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். இவர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். பென்சில் நகர்கிற சத்தம், நிற்கிற சத்தம், ரப்பர் தேய்க்கிற சத்தம். என் டீ ஆறிப்போயிற்று.

"என்ன லெவி, படமா வரையறீங்க?"

"கிட்டத்தட்ட" என்றார்.

ஒருவழியாக முடிந்தது. கம்பெனிக் கணக்கிலிருந்து முதலில் இருபது டாலர் மட்டும் பெட்டிக்கு அனுப்பிப் பார்த்தோம். வந்து சேர்ந்தது. லெவி சிரித்தார்.

"இப்ப வேணும்னே மூணு தடவை பெட்டியைத் திறக்கிற ரகசிய எண்ணைத் தப்பாப் போடுங்க" என்றேன்.

"போட்டா?"

"பெட்டி எல்லாத்தையும் அழிச்சிடும்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"உங்க காகிதம் சரியா இருந்தா திரும்பி வரும். தப்பா இருந்தா இருபது டாலரோட போகட்டும். மொத்தத்தையும் போட்டப்புறம் தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

போட்டார். பெட்டி காலியானது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

இனி அந்த இருபத்து நாலையும் எழுத்து எழுத்தாகப் பெட்டிக்குள் ஏற்ற வேண்டும். எல்லாரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் போன மாதம் மூன்று தடவை தப்பு விட்டார். எனக்கே முதல் தடவை வரவில்லை. இவர் பென்சிலோடு பட்ட பாட்டுக்கு, இன்றைக்கு முழுதும் இங்கேதான் என்று நினைத்துக்கொண்டேன்.

காகிதம் கண்ணில் படாதபடி எதிரே உட்கார்ந்து அவர் முகத்தை மட்டும் பார்த்தேன். காகிதத்தில் விரலை வைப்பார். திரையைப் பார்ப்பார். மறுபடி காகிதம். பிறகுதான் பட்டன். ஒரு எழுத்துக்கும் அவசரம் இல்லை.

கடைசி வார்த்தையும் ஏறியது. பெட்டி ஒரு கணம் யோசித்தது. திரையில் அந்த இருபது டாலர் மறுபடி வந்து நின்றது.

நாற்பது பேருக்குச் செய்திருக்கிறேன். முதல் தடவையிலேயே, ஒரு எழுத்துகூடப் பிசகாமல் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது எனக்கு.

"லெவி, என் சர்வீஸ்ல இப்படி ஒருத்தரைப் பார்த்ததே இல்ல. எப்படிங்க?"

அவர் காலியான திரையில் பணம் திரும்பி வந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "வெறும் காகிதத்துலேர்ந்தா வந்துச்சு?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அடுத்த மேஜைக்காரர்கள் சாப்பிடக் கிளம்பிப் போனார்கள். கதவு சாத்திக்கொள்ளும்வரை லெவி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உன் ரூல் எனக்குப் புரியுது அம்மாடி. ஆனா நான் பள்ளிக்கூடப் பக்கமே போனவன் இல்ல. பதினொண்ணாவது மட்டும் எனக்குத் தெரியும், அது 'லாப்ஸ்டர்', நம்ம துறைமுகத்துக் கொட்டகை மேல எழுதியிருக்கு. மீதி இருபத்து மூணும் என்னன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்றியா?"