கோட்டுக்குப் பத்தடி முன்னால்

“ஷூவுக்குள்ள கல்லு ஏதாவது போயிடுச்சா? வேணும்னா நிக்கலாம்.”

இதை முதலில் கேட்டது ஆல்டனா, அந்தப் பெண்மணியா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. ஆல்டன் கேட்டார் என்றே வைத்துக்கொள்கிறேன்.

“கல்லெல்லாம் இல்ல. உங்களுக்குக் கால் வலியா?” என்றார் அந்தப் பெண்மணி.

“எனக்கென்ன வலி. சும்மா கேட்டேன்.”

செப்டம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஆப்பிள் பறிப்பு தொடங்கிவிட்டது. சாலையின் இருபுறமும் மரங்களில் ஏணிகள் சாய்ந்திருந்தன. ஊர் நடத்தும் ஹாஃப் மாரத்தானில் மற்ற எல்லோரும் முதல் மேட்டிலேயே கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள். பின்னால் மிஞ்சியது இவர்கள் இருவர்தான்.

ஆனால் ஆல்டன் கடைசி ஆள் அல்ல. கடைசி ஆளுக்குத் துணையாக அனுப்பப்பட்டவர். கடைசியாக ஓடுபவருக்குத் தான்தான் கடைசி என்று தெரியக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அதனால் துணைக்குப் போகிறவருக்குத் தனிச் சட்டை கிடையாது. எல்லோரையும்போல மார்பில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு, களைத்தவர்போலக் கூடவே வரவேண்டும். முடிவுக் கோட்டுக்குப் பத்தடி முன்னால் குனிந்து ஷூ லேஸ் கட்ட வேண்டும். மற்றவர் முந்திக்கொண்டு போய்விடுவார். கடைசி இடம் துணைக்கு வந்தவருக்கு.

போன வருடம் துணைக்கு வந்த முர்ரே அப்படித்தான் ஆல்டனுக்காகக் குனிந்தார். ஒரு ஆளையாவது ஜெயித்தோம் என்று ஆல்டன் குளிர்காலம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். பிறகு உண்மை தெரிந்தபோது கோபம் வரவில்லை. ஒரு மனிதர் தனக்காக நடுச்சாலையில் மண்டியிட்டிருக்கிறார் என்ற நினைப்பு பல நாள் அவரை விட்டுப் போகவில்லை. இந்த வருடம் முர்ரேக்கு முழங்கால் வீங்கிவிட்டது. “எனக்குப் பதிலா நீ போறியா?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் ஆல்டன் தலையாட்டிவிட்டார்.

பன்னிரண்டரைக்குப் பிறகு வருபவர்களுக்குப் பதக்கம் கிடையாது. கோட்டின் மேல் நிற்கும் காற்றடைத்த வளைவையும் இறக்கிவிடுவார்கள். அதற்குள் இந்த அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். ஆனால் ஆல்டன் எட்டி நடை போட்டால் அந்த அம்மாவும் கொஞ்ச தூரம் எட்டி நடை போட்டு, “உங்களுக்கு மூச்சு வாங்குதே” என்று பழைய நடைக்கு வந்துவிடுவார்.

“பேஸ்பால்ல நீங்க எந்த டீம்?” என்று அந்தப் பெண்மணி திடீரென்று கேட்டார்.

“தொப்பியைப் பார்த்தாத் தெரியலையா? டொரண்டோ.”

“அதான் இந்த வேகமா? நான் பாஸ்டன். பேரு வெர்னா. அடுத்த ஊரு.”

“எங்க ஊர்லயும் பாதிப் பேருக்கு அந்த வியாதி உண்டு. மத்தபடி நல்ல மனுஷங்கதான்.”

“எங்கப்பா பாஸ்டன். கட்டிக்கிட்டவரும் பாஸ்டன். இல்லாட்டி வீட்டுக்குள்ள விட்டிருப்பேனா?”

“ரெண்டு டீமுக்கும் ஒரு மணிக்கு ஆட்டம். கொஞ்சம் வேகமாப் போனா, டிவியில மொதப் பந்துலேருந்து பார்த்துடலாம்.”

“ஆட்டம் எங்க போயிடப்போகுது. உடம்புதான் முக்கியம். இந்தாங்க, மிட்டாய். மேடு ஏறத் தெம்பா இருக்கும்.”

“நீங்க சாப்பிடுங்க. உங்களுக்குத்தான் வேணும்.”

களைப்பை மறைக்க என்னவெல்லாம் பேசுகிறார் என்று ஆல்டன் நினைத்துக்கொண்டார்.

அதன்பின் இருவரும் மேடு ஏறத் தொடங்கினார்கள். பேஸ்பால் பார்க்கும்போது திட்டுவதற்கு ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஓடும்போது தன்னைத் தவிர யாரும் இல்லை. திட்டிக்கொள்ளத்தான் ஓட ஆரம்பித்தோமோ என்று ஆல்டனுக்கு அடிக்கடி தோன்றும். இன்று பக்கத்தில் இன்னொரு மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. யாரையும் திட்டத் தோன்றவில்லை.

கடைசித் திருப்பத்தில் வளைவு தெரிந்தது. நேரம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

“போங்க வெர்னா, பதக்கம் காத்திருக்கு.”

“நீங்க முன்னால போங்க.”

“சரி, சேர்ந்தே போவோம்.”

பத்தடி இருக்கும்போது ஆல்டன் குனிந்து லேஸைப் பிரித்தார். வெர்னாவின் காலடி தன்னைத் தாண்டிப் போகட்டும் என்று காத்திருந்தார். சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் வெர்னாவும் மண்டியிட்டு லேஸைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க போங்க. என் லேஸ் அவிழ்ந்துடுச்சு,” என்றார் வெர்னா.

“நீங்களேதானே அவிழ்த்தீங்க. பார்த்தேனே.”

“நீங்களும்தான்.”

வளைவுக்கு அடியிலிருந்து முர்ரேயின் மனைவி டோரீன் குரல் கொடுத்தார். “வெர்னா, அங்க என்ன பண்றே? கடைசி ஆள் வந்து, சூப் குடிச்சு, வீட்டுக்கே போயாச்சு. முர்ரேக்கு முடியலைன்னு துணைக்கு அனுப்பினது உன்னைத்தானே. கூட யாரு, ஆல்டனா?”

முர்ரே ஆல்டனிடம் சொன்னதை மனைவியிடம் சொல்லவில்லை. டோரீன் வெர்னாவிடம் சொன்னதைக் கணவரிடம் சொல்லவில்லை.

இருவரும் எழுந்திருக்கவில்லை.

“கடைசி இடம் எங்க டீமுக்குப் பழக்கம்தான். நீங்க போங்க,” என்றார் ஆல்டன்.

“அதையும் உங்களுக்கு விட்டுத்தர மாட்டேன். நீங்க போங்க.”

முர்ரேயின் முழங்கால் குளிர்காலத்துக்குள் தேறிவிட்டது. அன்றைய ஆட்டம் பாஸ்டனில் மழை பெய்ததால் நடக்கவே இல்லை. பன்னிரண்டரைக்கு வளைவின் காற்றை இறக்கியபோதும் இருவரும் லேஸ் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வருடம் ஓட்டத்தை முடிக்காதவர்கள் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.