கோடரனின் கிளி

கதையின் எட்டுப் பாகங்களாக ஊர்களை எரித்துவந்த மந்திரவாதி கோடரன் ஒருநாளும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. உயிரைக் கிளிக்குள் ஒளித்துவைத்தவனுக்குப் பூனையைக் கண்டாலும் பயம், பனியைக் கண்டாலும் பயம். வேளாவேளைக்குக் கொய்யாவை நறுக்கி வைத்து, "சாப்பிட்டியா?" என்று அதனிடம் கேட்டுக்கொண்டே கிடந்தான். ஒன்பதாம் பாகத்தில் இளவரசன் ஏழு கடல் தாண்டி வந்து, கூண்டுக்குள் கைவிட்டுக் கிளியின் கழுத்தைப் பிடித்தான். கோடரனுக்கு மூச்சு முட்டியது. கிளி இளவரசனைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றது. அரண்மனையை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "இல்லை," என்றான். பிடி தளர்ந்தது. கிளி சன்னல் வழியாகப் பறந்தே போயிற்று. எந்தக் காட்டில், எந்தக் கிளையில் என்று இனி கோடரனுக்கே தெரியாது. அப்பாடா என்று உட்கார்ந்தவன், எழுந்து போய்க் கொதிக்கிற உலையில் இன்னும் ஒரு பிடி அரிசியைப் போட்டான்.